14ஆம் நூற்றாண்டு மொராக்கோப் பயணி இப்னு பதூதா எழுதிய இலங்கைப் பயணம் உண்மையா? அதே வழியில் இன்று போக முடியுமா?

போகலாம். ஆனால் அவர் சொல்லும் ஊர் வரிசையை அப்படியே நம்பிப் போகாதீர்கள். 1344இல் புத்தளத்தில் இறங்கியவர், 1355இல்தான் மொராக்கோவில் இப்னு ஜுஸை என்ற அறிஞருக்குச் சொல்லி எழுதவைத்தார். நடுவில் கடற்கொள்ளையர் எல்லாவற்றையும் பறித்துக்கொண்டார்கள். இலங்கையின் வடபகுதி அரசன் ஆரியச் சக்கரவர்த்தி தந்த மணிகளும் அதில் போயின. ஆகவே மிச்சமிருந்தது நினைவுதான். தலைநகரம் என்று அவர் சொல்லும் 'குனகார்' குருநாகலா, இரத்தினபுரியா என்று ஆய்வாளர்கள் இன்னும் பிரிந்தே நிற்கிறார்கள். அரசன் இருந்த ஊரும் மாணிக்கம் எடுத்த ஊரும் அவர் நினைவில் ஒன்றாகக் கலந்துவிட்டன என்றே நான் கொள்கிறேன்.

புத்தளம், சிலாபம், குருநாகல், இரத்தினபுரி என்று பஸ்ஸில் போய், அங்கிருந்து பலாபத்தலை வழியாகச் சிவனொளிபாத மலை ஏறுங்கள். மலைக்கு 'பாபா', 'மாமா' என இரண்டு வழி, எளிய மாமா வழியில் ஏறியவரை யாத்திரை செய்தவராகவே மதிக்கமாட்டார்கள் என்கிறார். சங்கிலி பிடித்து ஏறிய பாபா வழி, இரத்தினபுரிப் பக்கத்துக்குத்தான் பொருந்துகிறது. ஏற ஆறு முதல் எட்டு மணி நேரம் ஒதுக்குங்கள். இறங்குவது நல்லதண்ணிப் பக்கம். 5,000க்கு மேற்பட்ட படிகள், முழங்காலைப் பதம் பார்க்கும். பலர் தவறுவது பை விஷயத்தில்: ஏறிய அடிவாரத்தில் வைத்துவிட்டால், எடுக்க மலையைச் சுற்றி ஹட்டன், அவிசாவளை என்று ஒரு முழுநாள் பஸ்ஸில் போகவேண்டும். டிசம்பர் பௌர்ணமி முதல் வெசாக் வரைதான் பருவம். மற்ற மாதங்களில் மழை, வழியில் விளக்கும் இராது.

மலைவழியில் அட்டை கடித்தால் பிழிய எலுமிச்சம்பழம் கொண்டுபோவார்கள் என்று எழுதியிருக்கிறார். இன்றும் அதுவே கைமருந்து. யாரோ சொல்லக் கேட்டு எழுதியவருக்கு இவ்வளவு சின்ன விஷயம் நினைவில் நிற்காது. அவர் எழுத்தில் மலை பற்றிய பகுதியை நான் நம்புவதற்கு முதல் காரணம் இதுதான்.

பிறகு தெற்கே தெய்வந்துறை, இன்றைய தேவேந்திரமுனை. அங்கிருந்த கோயிலில் ஆயிரம் பிராமணர், பொன் சிலை என்று அவர் சொல்வதைத் தள்ளிவிடுங்கள், கோயிலைத் தள்ளாதீர்கள். போர்த்துக்கீசர் 1588இல் இடித்த அந்தக் கோயிலின் தேனாவரை நாயனாருக்குச் சீனர் அளித்த காணிக்கைகளை, 1409ஆம் ஆண்டிட்ட காலி மும்மொழிக் கல்வெட்டின் தமிழ்ப் பகுதி வரிசையாகச் சொல்கிறது. அங்கிருந்து காலிக்கு ஆறு பர்சங்கு என்கிறார், ஏறக்குறைய 35 கிலோமீட்டர். இன்றைய சாலையில் 45க்கு மேல். காலியிலிருந்து கொழும்புக்கு ரயில் உண்டு. அந்தக் கல் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது, புத்தளம் திரும்புமுன் பார்த்துவிடுங்கள்.