டிராமிசு மேல் 'மாம்மெத்தா' எழுதலாமா?

கேள்வி: அன்னையர் தினத்துக்கு அம்மாவுக்கு இத்தாலியப் பாரம்பரியப்படி டிராமிசு (காபியில் நனைத்த பிஸ்கட்டும் கிரீமும் அடுக்கிய இனிப்பு) செய்து, மேலே நேப்பிள்ஸ் வட்டார மொழியில் 'மாம்மெத்தா' (அம்மா) என்று கோகோ தூளால் எழுதப் போகிறேன். அம்மா முட்டை தொட மாட்டார். முட்டை சேர்க்காத செய்முறை கிடைக்குமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: டிராமிசு செய்முறை கிடைக்காது. வேறொன்று தருகிறோம். அதற்கு முன் அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். 'மாம்மெத்தா' என்றால் 'உன் அம்மா'. நேப்பிள்ஸ் பேச்சில் என், உன் என்பவை உறவுப் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். என் அம்மா 'மாம்மெமா', உன் அம்மா 'மாம்மெத்தா'. அந்த ஊர் வசவுகளில் இரண்டாவதற்குத் தனி இடம் உண்டு. 'உங்கம்மா...' என்று தொடங்கும் வாக்கியம் நம் தெருவில் எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியாதா?

சரி, வேறு ஊர்ச் சொல் போடலாமா? சிசிலியில் 'மாத்ரி', வடகிழக்கே ஃப்ரியூலியில் 'மாரி', தெற்கே சலெந்தோவில் கிரேக்க வழிப் பேச்சான கிரிகோவில் 'மானா'. இவற்றில் மாத்ரியும் மாரியும் அம்மாவைப் பற்றிப் பிறரிடம் பேசும்போது வருபவை. நேரில் கூப்பிட இத்தாலியில் பெரும்பாலும் 'மம்மா'தான். வாழ்த்து அட்டையில் 'ஆவுகூரி, மம்மா' (வாழ்த்துகள், அம்மா) என்று எழுதினால் எந்த ஊர்க்காரரும் முகம் சுளிக்க மாட்டார்.

இனி டிராமிசு. அது நேப்பிள்ஸ் பக்கமே இல்லை. 1970களில் வடக்கே திரெவீசோ நகரத்து உணவகம் ஒன்றில் பெயர் பெற்றது. பக்கத்து ஃப்ரியூலிக்காரர்கள் எங்களுடையது என்று இன்றும் வழக்காடுகிறார்கள். கிரீமில் சேரும் மஞ்சள் கருவை மட்டும் விட்டுவிட்டால் முட்டை போய்விட்டது என்று நினைக்கிறீர்கள். அடியில் அடுக்கும் சவோயார்தி பிஸ்கட்டே முட்டையில்தான் பிறக்கிறது. அட்டைப்பெட்டியைத் திருப்பிப் படியுங்கள்.

பாரம்பரியம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இத்தாலியின் இன்றைய அன்னையர் தினத்துக்கு வயது ஏறக்குறைய எழுபதுதான். 1956இல் கடற்கரை ஊரான போர்திகேராவில் மேயர் ரவுல் சக்காரி கொண்டாடினார். 1957இல் அசீசி அருகே தோர்திபெத்தோவில் பாதிரியார் ஒத்தெல்லோ மிலியோசி நடத்தினார். வெகுகாலம் மே 8ஆம் தேதி இருந்தது, இப்போது மே இரண்டாம் ஞாயிறு. அந்த நாளுக்கென்று கட்டாயமான பலகாரம் எதுவும் கிடையாது. 1984 முதல் புற்றுநோய் ஆய்வு அறக்கட்டளை ஒன்று சதுக்கங்களில் விற்கும் அசேலியா பூத்தொட்டிதான் வழக்கமாகி நிற்கிறது. வேடிக்கை என்னவென்றால் அப்பாவுக்கு உண்டு: மார்ச் 19, புனித சூசையப்பர் திருநாளில் கஸ்டர்டும் செர்ரியும் வைத்த 'த்சேப்போலே'. அம்மாவுக்கு அந்தந்த ஊர்க்காரர் தம் வீட்டு இனிப்பைச் செய்துகொள்கிறார்கள்.

உங்களுக்குப் பொருத்தம் சிசிலியின் பியாங்கோமஞ்ஜாரே என்னும் குளிர்ந்த புட்டிங். பாதாம் பால், மாவு, சர்க்கரை, அவ்வளவே. இடைக்காலத்தில் இதில் கோழி நெஞ்சுக்கறியும் சேர்ந்திருந்தது. பயப்படாதீர்கள், அது எப்போதோ போய்விட்டது.

பாதாம் 250 கிராம். கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டுத் தோலை உரியுங்கள். குளிர்ந்த நீர் விட்டு மூன்று தவணையாக மிக்ஸியில் அரைத்து, மெல்லிய துணியில் பிழியுங்கள். வெந்நீர் விட்டாலோ ஒரே மூச்சில் ஓட்டினாலோ ஜார் சூடேறி எண்ணெய் பிரிந்துவிடும். பிழிந்த பால் ஒரு லிட்டர் இருக்க வேண்டும். விட்ட தண்ணீரை அளக்காதீர்கள், பிழிந்த பாலை அளங்கள். சக்கையில் கொஞ்சம் தங்கிவிடும் என்பதால் இந்த இடத்தில்தான் பலருக்கும் கணக்கு தப்பும்.

அந்தப் பாலில் சர்க்கரை 120 கிராம், கார்ன்ஃப்ளவர் 100 கிராம். கடையில் மஞ்சள் மக்காச்சோள மாவை நீட்டினால் வாங்காதீர்கள், வெள்ளை வெளேரென்று கிறீச்சிடும் ஸ்டார்ச்தான் வேண்டும். அடுப்பில் ஏற்றும் முன்பே, பால் ஆறியிருக்கும்போதே மாவைக் கரைத்து வடிகட்டுங்கள். சூடான பாலில் கொட்டினால் கட்டி கட்டியாக வெந்துவிடும், பிறகு எந்தக் கரண்டியாலும் கரையாது.

பட்டை ஒரு சிறு துண்டு. மளிகைக் கடையில் பட்டை என்று பெரும்பாலும் கிடைக்கும் தடித்த கேசியா இதில் காரமடிக்கும். காகிதம்போல் சுருண்ட இலங்கைப் பட்டை வாங்குங்கள். எலுமிச்சைத் தோல் இரண்டு கீற்று, வெள்ளைப் பகுதி ஒட்டாமல். ஒட்டினால் கசக்கும். சாற்றை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். புளிப்போடு கொதித்தால் மாவின் பிடிப்பு தளர்ந்து இனிப்பு குழைந்துபோகும். ஏலக்காய், குங்குமப்பூ பக்கம் கை போகும். போனால் பாதாம் பால் குடிக்கலாம், சிசிலி வராது.

அடிகனமான பாத்திரம், சிறு தீ, அடி வரை மரக்கரண்டி. கெட்டியாகத் தொடங்கியதும் இறக்கிவிடத் தோன்றும், இறக்காதீர்கள். முதல் கொப்புளம் 'பொளக்' என்று வெடித்த பிறகு இன்னும் இரண்டு நிமிடம் கிண்டுங்கள். இல்லாவிட்டால் பச்சை மாவு வாடை நிற்கும். பட்டையையும் தோலையும் எடுத்துவிட்டு, தண்ணீரில் அலசிய ஈர அச்சில் ஊற்றுங்கள். அச்சில் நெய் தடவினால் மேலே மங்கலாகப் படலம் படியும். சைனா கிராஸ் சேர்க்கச் சொல்வார்கள் சிலர். சேர்த்தால் விறைத்துவிடும், தட்டை ஆட்டினால் இது லேசாகத் தளும்ப வேண்டும்.

ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் குறைந்தது நான்கு மணி நேரம். கவிழ்க்கும் முன் ஓரத்தை விரலால் மெல்ல உள்ளே தள்ளுங்கள், காற்று புகுந்தால் தானே இறங்கும். மேலே பொடித்த பிஸ்தாவும் ஒரு சிட்டிகை பட்டைத்தூளும். தட்டில் எலுமிச்சை இலை விரித்து வைப்பதும் உண்டு. கவிழ்க்கத் துணிவில்லையென்றால் மாவை 80 கிராமாகக் குறைத்து கிண்ணங்களிலேயே ஊற்றிக் கொடுங்கள். சனிக்கிழமை இரவு செய்து ஞாயிறு மதியம் பரிமாறலாம். அதற்கு மேல் வைத்தால் தண்ணீர் விடும்.