மரவட்டைக்கு ஒரு குட்டிக் காடு

மரவட்டை வளர்க்கக் கண்ணாடித் தொட்டியில் செடி வைத்தேன். பதினைந்தே நாளில் மண் நாறுகிறது. ஏன்?
– வாசகி, தஞ்சாவூர்

கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் வடிய வழியில்லை. அது அடிமண்ணில் தேங்கி, காற்றில்லாமல் அழுகுகிறது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். அடியில் 3 செ.மீ. கூழாங்கல், அதன்மேல் நைலான் கொசுவலை, அதற்கும் மேல் 8 செ.மீ. மண். அலசிய தென்னைநார்த்தூள் பாதி, மட்கிய இலை பாதி, கொஞ்சம் அடுப்புக்கரித் துண்டு. உரம் வேண்டாம். கல்லிடுக்கில் தண்ணீர் வலையைத் தொடும் அளவுக்கு ஏறினால் தெளிப்பதை நிறுத்திவிடுங்கள்.

தொட்டி தானே சுத்தமாகிக்கொள்ளும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், கோவை

உண்மைதான், ஆனால் அதற்கு ஆள் வேண்டும். பூந்தொட்டியைத் தூக்கினால் அடியில் ஓடுமே, சாம்பல் நிறத்தில் பதினான்கு கால் உயிர், அதுதான் ஐசோபாட். பூச்சி அல்ல, நண்டு இறாலின் உறவு. எச்சத்தையும் அழுகிய இலையையும் தின்று மண்ணாக்கும். பூசணத்தைத் தின்ன ஸ்பிரிங்டெயில் என்ற மண்வாழ் குட்டி உயிர், எள்ளைவிடச் சிறியது. முதல் வாரங்களில் மரக்கட்டைமேல் வெள்ளைப் பூசணம் படர்ந்தால் பயப்பட வேண்டாம், அதுவே இவற்றுக்குச் சாப்பாடு. இவை பெருக ஒரு மாதமாவது விட்டு, பிறகே மரவட்டையை விடுங்கள். இந்தப் பொறுமையைத்தான் நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன்.

சாப்பாட்டுக்கு மட்டும் தொட்டியை நம்பாதீர்கள். மரவட்டை தின்னும் வேகத்துக்குச் சின்னத் தொட்டிச் செடி இலை உதிர்க்காது. காய்ந்த பலா இலை, நாட்டு வாதுமை இலை தீரத் தீரப் போடுங்கள். ஓடு கெட்டிப்பட முட்டையோட்டுத் தூள். வேப்பிலை வேண்டாம், அதில் பூச்சிகளை ஒடுக்கும் பொருள் இருக்கிறது.

ஜன்னலோரம் வைக்கலாமா?

வெளிச்சம் படலாம், நேர் வெயில் கூடாது. மூடிய கண்ணாடிக்குள் சூடு ஏறிக்கொண்டே போகும். என் முதல் தொட்டியின் நத்தைகள் ஒரே சித்திரை நண்பகலில் செத்துப்போயின. இன்னும் மனம் ஆறவில்லை.

வயலில் பிடித்த பச்சோந்தியை இதில் விடலாமா?

வேண்டவே வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். தவிர, அதற்குக் கிளையும் காற்றோட்டமும் வேண்டும், புழுங்கும் கண்ணாடிப் பெட்டியில் அது நலிந்துபோகும். இன்றே வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

என்ன செடி வைக்கலாம்?

பெரணி, மணி பிளான்ட், சுவரோரப் பாசி. நர்சரிச் செடியில் பூச்சிமருந்து ஒட்டியிருக்கலாம். வேரை அலசி, சில வாரம் தனியே வைத்திருந்து நடுங்கள்.