கீழே ஆறு பேர் சேர்த்தால் போதுமா? நெட்வேர்க் மார்க்கெட்டிங்: கேள்வி-பதில்

உயர்தரப் பரீட்சை முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கும் மாதங்களில் இந்தக் கேள்விகள் கூடுவது வழக்கம். இம்முறை பெற்றோரும் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

ஐயா, கூடப் படித்த நண்பன் கண்டியில் ஒரு ஹோட்டல் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். 54,000 ரூபாய்க்குப் பொருள் வாங்கிச் சேர வேண்டும். எனக்குக் கீழே 6 பேர், அவர்களுக்குக் கீழே ஆறாறு பேர் என்று வந்தால் மாதம் இலட்சக்கணக்கில் வருமாம். உண்மையில் வருமா? (ஹட்டன் வாசகர்)

முதலில் அந்த 54,000 ரூபாயை நம்ம ஊர்க் கணக்கில் பார்ப்போம். 2024இல் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. அதன்படி இது 40 முழுப்பேர், அதாவது 40 முழுநாள் வேலை. ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈபிஎஃப்) கழிப்பதற்கு முன்னால் வரும் கணக்கு இது. உங்கள் வீட்டில் கொழுந்தெடுக்கப் போகிறவர் இருந்தால், ஒரு மாதத்துக்கும் மேல் மலையேறி இறங்கிய காசு முழுவதையும் கூட்டத்தின் மேசையில் வைக்கச் சொல்கிறார்கள்.

அடுத்து அந்த ஆறு. பலகையில் இரண்டு மூன்று படிதான் வரைந்து காட்டியிருப்பார்கள். மிச்சத்தை நீங்களே பெருக்கிப் பாருங்கள். 6, 36, 216, 1,296 என்று போய் ஏழாவது படியில் 279,936 பேர், எட்டாவது படியில் 1,679,616 பேர். 2012 கணக்கெடுப்பின்படி நுவரெலியா மாவட்டத்தில் தொட்டில் பிள்ளையையும் சேர்த்தே 7 இலட்சத்துச் சொச்சம் பேர்தான். பத்தாவது படிக்கு 6 கோடி பேர் வேண்டும். நாட்டில் இருப்பதே 2 கோடி 20 இலட்சம் அளவில். இன்னொன்றும் இருக்கிறது. அந்த மரம் முழுதாக வளர்ந்தாலும், எந்தப் படியில் நிறுத்தி எண்ணினாலும், ஏறத்தாழ ஆறில் ஐந்து பேர் கடைசிப் படியில்தான் இருப்பார்கள். அவர்களுக்குக் கீழே யாரும் இல்லை. மேடையில் மாலை போட்டுக்கொண்டு பேசியவர் அந்த ஐந்து பேரில் ஒருவர் இல்லை. நீங்கள் அவர்களில் ஒருவராக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது.

சரி, எல்லா நெட்வேர்க் மார்க்கெட்டிங்கும் மோசடியா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. 1979இல் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு ஆம்வே நிறுவனத்தைப் பிரமிட் இல்லை, அதாவது ஆள் சேர்ப்பதிலேயே காசு பார்க்கும் திட்டம் இல்லை என்று தீர்த்தது. விற்காத சரக்கைத் திருப்பி எடுக்கும் விதியும், வெளி வாடிக்கையாளருக்கு விற்றே ஆக வேண்டும் என்ற விதியும் அங்கே இருந்தது ஒரு முக்கிய காரணம். அதே தீர்ப்பில், வருமானத்தைப் பெரிதாக்கிச் சொன்னதற்குக் கண்டிப்பும் உண்டு. 2016இல் ஹெர்பலைஃப் நிறுவனம் அதே ஆணைக்குழுவுடன் சமரசத்துக்கு வந்து 200 மில்லியன் டொலர் கட்டியது. உண்மையான விற்பனையைப் பார்த்தே கமிஷன் கொடுக்கவும் ஒப்புக்கொண்டது. ஆகவே அடுத்த கூட்டத்தில் எழுந்து ஒன்றே ஒன்று கேளுங்கள்: “இதில் சேராத, சேரும் எண்ணமும் இல்லாத ஒருவர் இந்தப் பொருளை இந்த விலைக்கு எங்கே வாங்குகிறார்?” பதில் அந்த ஆளைக் காட்டினால் மேலே பேசலாம். “நெகட்டிவாக யோசிக்காதே தம்பி” என்று வந்தால் பஸ் ஏறிவிடுங்கள்.

பக்கத்து வீட்டு அக்கா தன் கம்பெனியின் பதிவுச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். அரசாங்கமே பதிவு செய்திருப்பதால் பயமில்லை என்கிறார். (பண்டாரவளை வாசகி)

கம்பெனிப் பதிவு என்பது பிறப்புச் சான்றிதழ் மாதிரி. பிறந்ததைச் சொல்லும், நடத்தையைச் சொல்லாது. 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தில் பின்னர் சேர்த்த 83சி பிரிவு பிரமிட் திட்டங்களைத் தடை செய்கிறது. சேருகிறவர் காசு கட்ட வேண்டும், கிடைக்கும் இலாபம் பெரும்பாலும் ஆட்கள் கூடுவதையோ அவர்கள் கட்டும் காசு கூடுவதையோ பொறுத்தது என்றால், அது பிரமிட். நடுவில் ஒரு சவர்க்காரத்தையோ தங்க நாணயத்தையோ வைத்தால் மட்டும் தப்பிவிட முடியாது.

மத்திய வங்கி விசாரித்துத் தடைக்குள் வருவதாகத் தீர்மானித்த நிறுவனங்களின் பெயர்களை 2023இல் வெளியிட்டது. சந்தேகம் இருந்தால் 1935க்கு அழைத்துக் கேட்கலாம். பெயர் பட்டியலில் இல்லை என்பதை மட்டும் நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெயரை மாற்றிக்கொண்டு மறு மாதமே வேறொரு மண்டபத்தில் கூட்டம் போடுகிறவர்கள் உண்டு. தமிழ்நாட்டு யூடியூப் வீடியோவில் “சட்டம் அனுமதிக்கிறது” என்று சொன்னால், அது 2021இல் இந்தியா கொண்டுவந்த நேரடி விற்பனை விதிகளைப் பற்றிய பேச்சாக இருக்கும். நமக்கு இங்குள்ள சட்டம்தான்.

அப்பாவுக்கு 55 வயதாகி ஈபிஎஃப் காசு வந்திருக்கிறது. தம்பி அதில் 3 இலட்சத்தை எடுத்து “பிளாட்டினம் பெக்கேஜ்” போடக் கேட்கிறான். (தலவாக்கலை வாசகி)

கொடுக்க வேண்டாம்.

அப்பாவின் சம்பளத்திலிருந்து மாதம் 8 வீதமும் தோட்டம் போட்ட 12 வீதமும் சேர்ந்து வளர்ந்த காசு அது. இனிமேல் அப்படி ஒன்று சேராது. மத்திய வங்கி அனுமதித்த வங்கியொன்றில் அப்பாவின் பெயரிலேயே நிலையான வைப்பில் போட்டு, வட்டியை மாதாமாதம் எடுக்கும்படி செய்யுங்கள். வைப்புக் காப்புறுதித் திட்டத்தில் ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. தம்பி கோபித்துக்கொண்டு இரண்டு நாள் சாப்பிடாமல் இருப்பான். பரவாயில்லை.

அம்மாவுக்குச் சீனி வருத்தம். விற்க வந்தவர் இந்தக் கெப்சூலைக் குடித்தால் கிளினிக் மாத்திரையை நிறுத்தலாம் என்கிறார். (மஸ்கெலியா வாசகர்)

மாத்திரையை நிறுத்தக் கூடாது. அந்தப் போத்தலை அடுத்த கிளினிக் நாளில் டொக்டரிடம் காட்டுங்கள். நோயைக் குணமாக்கும் என்று சொல்லி விற்பவரிடம், தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் இது மருந்தாகப் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் “இது மருந்து இல்லை, உணவுதான்” என்று பேச்சை மாற்றுவார். நீங்களும் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம்.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டேன். காதணியை அடகு வைத்துத்தான் கட்டினேன். சித்தியையும் ஒரு மச்சாளையும் கூடச் சேர்த்துவிட்டேன். இப்போது அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எப்படி வெளியே வருவது? (பொகவந்தலாவை வாசகி)

சேர்ந்த அன்று எழுதச் சொன்ன “நூறு பெயர்” பட்டியலின் படத்தையும் இவர் அனுப்பியிருக்கிறார். கோடு போட்ட கொப்பித் தாள், நீலப் பேனா. முதல் பெயர் சித்தி. அப்புறம் ஆரம்பப் பாடசாலை டீச்சர், த்ரீவீலர் ஓட்டும் அண்ணா, கோயில் பூசாரியின் மகள், கொழும்பில் கடையில் நிற்கும் மாமா. சில பெயர்களுக்குப் பக்கத்தில் “காசு இருக்கு”, “வெளிநாட்டில் மகன்” என்று சின்ன எழுத்தில் குறிப்பு. சேலைக்கோ நகைக்கோ கடன் தரும் கடைக்காரர்கூட நம்மைப் பற்றி இவ்வளவு எழுதி வைத்திருக்க மாட்டார். கம்பெனி விற்கும் உண்மையான சரக்கு இந்தத் தாள்தான். லயத்தில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் வாங்கிய காசுக்கு, நாளைக்கும் நாளை மறுநாளும் குழாயடியில் முகம் கொடுக்க வேண்டும். நகரத்தில் அறிமுகமில்லாதவர்களிடம் விற்பவருக்கு அந்தப் பாரம் இல்லை.

இன்றிலிருந்து புதிதாக யாரையும் சேர்க்காதீர்கள். 83சி பிரிவு திட்டத்தை நடத்துகிறவரோடு நிற்பதில்லை. அதை ஊக்குவிப்பதும் விளம்பரப்படுத்துவதும் குற்றம்தான். “எக்டிவ்” ஆக இருக்க மாதாமாதம் பொருள் வாங்குவதையும் நிறுத்துங்கள். போட்ட காசை மீட்கத்தான் இன்னும் போடுகிறோம் என்று தோன்றும். ஓட்டை அங்கேதான் பெரிதாகிறது. பிறகு பற்றுச்சீட்டு, வங்கிச் சிலிப், வட்ஸ்அப் குரல் பதிவுகள் எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்து வையுங்கள். குழுவிலிருந்து விலகுவதற்கு முன்பே செய்துவிடுங்கள், விலகிய பின் பலதும் கைக்கு வராது. திறக்காத பொருளைத் திருப்பி எடுக்கும்படி கம்பெனிக்கு எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் அந்தப் பதிலோடு மத்திய வங்கிக்கும் பொலிசுக்கும் முறையிடலாம். முறைப்பாட்டுக்கு முன், ஆட்களைச் சேர்த்த உங்கள் நிலையைச் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளையில் ஒருமுறை பேசிக்கொள்வது நல்லது.

சித்தியிடம் கம்பெனிக்காரர் சொல்வதற்கு முன் நீங்களே போய்ச் சொல்லுங்கள். அவரால் உங்களுக்குக் கிடைத்த கமிஷன் எவ்வளவோ, அதை முதலில் திருப்பிக் கொடுங்கள். முழுக் கடனும் அடையாது. ஆனால் உங்கள் இருவருக்கும் இடையே பேச்சு அறுந்துபோகாது. காதணிக்கு இந்த மாத வட்டியையாவது கட்டி, ஏலத்துக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆள் சேர்க்காமல் பொருளை மட்டும் விற்றுச் சம்பாதிக்க முடியாதா? (ஹப்புத்தளை வாசகி)

முடியலாம். கொப்பியில் எழுதிப் பாருங்கள். ஒரு கிரீம் 2,400க்கு வாங்கி 3,000க்கு விற்கிறீர்கள் என்று வைப்போம். மாதம் 10 எடுத்தே ஆக வேண்டும் என்றால் 24,000 போகிறது. 6 விற்றால் 18,000 வருகிறது. பஸ்ஸுக்கும் போனுக்கும் 1,500. ஆக 7,500 கையை விட்டுப் போய், அலுமாரியில் 4 கிரீம் நிற்கிறது. வாங்கிய ஆறு பேரில் இரண்டு பேர் “சம்பள நாளுக்குத் தாறேன்” என்று சொல்லியிருந்தால் இன்னும் மோசம். கட்டாயக் கொள்முதல் இல்லாமல், விற்ற பிறகு காசு கட்டும் முறையில் யாராவது சரக்கு தந்தால் தாராளமாகச் செய்யுங்கள். அப்படிப் பார்த்தால் தையலோ வீட்டுச் சிற்றுண்டியோகூட இதே ஓட்டத்துக்கு அதிகம் தரலாம்.

நாங்கள் பிடிக்கும் மாதச் சீட்டும் பிரமிட்தான் என்று மகன் சொல்கிறான். (கொட்டகலை வாசகி)

இல்லை அம்மா. 10 பேர் மாதம் 5,000 போட்டால், ஒவ்வொருவரும் ஒரு முறை 50,000 எடுக்கிறார்கள். யாருக்கும் கூடுதலும் இல்லை, புது ஆளும் தேவையில்லை. முதலில் எடுத்தவர் பிறகு கட்டாமல் விடுவதும், பிடிப்பவர் காசோடு போவதும்தான் ஆபத்து. பெயர், தொகை, எடுக்கும் மாதம் மூன்றையும் எழுதி, பத்துப் பேரிடமும் கையெழுத்து வாங்கி வையுங்கள்.