முகாமில் பிறந்தவருக்கு ஓட்டு உண்டா? வக்கீல் பதில்கள்

கூடலூர்: சார், இலங்கை அகதி முகாமில் பிறந்த பெண்ணுக்கு ஹைகோர்ட் தீர்ப்பு சாதகமாக வந்து, 2024ல் அவர் ஓட்டும் போட்டார். எங்களுக்கும் உண்டா?

பதில்: பிறந்த தேதியைச் சொல்லுங்கள். அந்தப் பெண் 1986ல் மண்டபம் முகாமில் பிறந்தவர். குடியுரிமைச் சட்டம் 3ஆம் பிரிவுப்படி, 26.1.1950 முதல் 30.6.1987 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவரானாலும் பிறப்பாலேயே குடிமகன். அதை வைத்துத்தான் 2022ல் மதுரை அமர்வு அவருக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொன்னது. குடியுரிமை உறுதியானது, ஓட்டு பின்னாலேயே வந்தது. 1.7.1987 முதல் 2.12.2004 வரை பிறந்தவர் என்றால், பிறந்த அன்று பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்திருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ்தான் முக்கியம். முகாம் அட்டை குடியிருப்பைத்தான் காட்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6 கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

கோத்தகிரி: அப்பா கண்டியிலிருந்து வந்து டான்டீயில் (அரசு தேயிலைத் தோட்டக் கழகம்) வேலை பார்த்தவர். நாங்களும் அகதியா?

பதில்: இல்லவே இல்லை. இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி வந்தவர்கள் தாயகம் திரும்பியோர், இந்தியப் பாஸ்போர்ட்டோடு வந்த குடிமக்கள். அந்தப் பழைய பாஸ்போர்ட்டையும் குடும்ப அட்டையையும் தொலைத்துவிடாதீர்கள். 'சிலோன்காரர்' என்று உங்கள் பெயரை நீக்கச் சொல்லி யாராவது படிவம் 7 போட்டால், விசாரணையில் அவைதான் காப்பாற்றும்.

கூடலூர் (மறுபடியும்): அண்ணன் மே 1987, தம்பி 1989. இருவரும் முகாமில் பிறந்தவர்கள். ஒருவனுக்கு உண்டு, இன்னொருவனுக்கு இல்லை. என்ன நியாயம் சார்?

பதில்: நியாயமில்லை என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் தேதிக்கோட்டைப் போட்டது நாடாளுமன்றம். அதை மாற்ற வேண்டியதும் அதுவே.

பந்தலூர்: சார், அண்ணனுக்குக் கிடைத்தால் தம்பிக்கும் படிவம் போடலாமே, யார் பார்க்கப் போகிறார்கள்?

பதில்: தயவுசெய்து வேண்டாம். படிவம் 6ல் 'இந்தியக் குடிமகன்' என்று கையெழுத்துப் போடுகிறீர்கள். பொய்யென்றால் 1950 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 31ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை. உங்களைத் தூண்டிவிடும் புரோக்கர் உள்ளே போக மாட்டான், தம்பிதான் போவான்.

குன்னூர்: நோட்டீஸ் இல்லாமல் பெயரை நீக்கிவிட்டார்கள். நேரே ஹைகோர்ட்டா?

பதில்: முதலில் 15 நாளுக்குள் கலெக்டரிடம் மேல்முறையீடு, பிறகு 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம். ஏற்கெனவே பட்டியலில் இருந்தவரை விசாரிக்காமல் தூக்கக் கூடாது என்று லால் பாபு ஹுசேன் வழக்கில் 1995லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதை மனுவில் எழுதுங்கள். தாமதிக்க வேண்டாம். வேட்புமனுவின் கடைசி நாள் முடிந்தால் அந்தத் தேர்தலுக்குப் பெயர் சேர்க்க முடியாது. தேர்தல் நடுவே கோர்ட்டும் தலையிடாது, 1952 நாமக்கல் பொன்னுசாமி வழக்கிலிருந்து நிலை அதுதான். ஒப்புகைச் சீட்டு இருக்கிறதா?

ஊட்டி: காட்டேஜ் வாங்கியிருக்கிறேன், வரி கட்டுகிறேன். இங்கே ஓட்டு?

பதில்: வீடு சொந்தம் என்பது மட்டும் போதாது, அதே 1950 சட்டம் 20ஆம் பிரிவு. குடியிருக்க வேண்டும்.

சேரம்பாடி: எஸ்டேட் லைன் வீடு, பட்டா இல்லை...

பதில்: ஓட்டுக்குப் பட்டா தேவையில்லை. முகவரிச் சான்று எதுவும் இல்லையென்றால் அலுவலர் நேரில் வந்து பார்க்க வேண்டும்.

தேவாலா: எங்களுக்கும் பட்டா இல்லை சார்.

பதில்: மேலே சேரம்பாடிக்குச் சொன்னதே. ஒப்புகைச் சீட்டு.