பத்துக்கு எட்டு என்று பொய் சொல்கிறேன், டாக்டர்

கேள்வி: எனக்கு வயது 34. முதல் திருமணத்தில் ஆறு வருடம் அடியும் வசவும்தான். மறுமணமாகி இரண்டு வருடம் ஆகிறது. இவர் குரலை உயர்த்தியதுகூட இல்லை. ஆனாலும் அலமாரியின் மேல்தட்டிலிருந்து எதையாவது எடுக்க இவர் கையைத் தூக்கினால் என் தலை தானாகக் குனிந்துவிடுகிறது. தினமும் படுக்கும் முன், "என்னோட இருக்கும்போது பத்துக்கு எவ்வளவு பாதுகாப்பா உணர்ற?" என்று கேட்கிறார். அவர் முகம் வாடக் கூடாதென்று எட்டு என்கிறேன். சில நாள் மூன்றுகூடத் தேறாது. இதை முறையாக அளக்க முடியுமா?

பதில்: அவர் அக்கறையோடுதான் கேட்கிறார். ஆனால் அந்த எட்டு, அவர் மனம் நோகுமோ என்ற உங்கள் கவலைக்கான மதிப்பெண். இதனால்தான் நாங்கள் இப்படிப்பட்ட கேள்விகளைத் துணைவரை வெளியே உட்காரவைத்துவிட்டுக் கேட்கிறோம்.

பாதுகாப்பாக இருப்பது வேறு, அப்படி உணர்வது வேறு. முதலாவதைப் பார்க்க 'ஹிட்ஸ்' என்ற நான்கே கேள்விகள் உண்டு: அடிக்கிறாரா, இழிவுபடுத்துகிறாரா, மிரட்டுகிறாரா, கத்தித் திட்டுகிறாரா. ஒவ்வொன்றும் எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்பதற்கு 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 10-ஐத் தாண்டினால் எச்சரிக்கை. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை.

பழைய மனக்காயத்துக்கு 'பிசிஎல்-5' என்ற கேள்வித்தாள் இருக்கிறது. கடந்த ஒரு மாதத்தைப் பற்றி 20 கேள்விகள், மொத்தம் 80 மதிப்பெண். 31-33 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவாகப் பரிசோதிப்போம். இது அறிகுறிகளைத்தான் அளக்கும். உங்கள் கணவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு இதில் பதில் கிடைக்காது. நெருக்கத்தில் வரும் பயத்தையும் விலகலையும் அளக்க 36 கேள்விகள் கொண்ட இன்னொரு படிவம் உண்டு. இப்போதைக்கு அது உங்களுக்குத் தேவைப்படாது.

தலை ஏன் குனிகிறது? ஓங்கிய கை என்றால் அடி என்று ஆறு வருடம் பழகிய மூளை, இது யாருடைய கை என்று யோசிக்கும் முன்பே உடம்பை அசைத்துவிடுகிறது. அன்பு குறைவு என்று இதற்குப் பொருளில்லை. ஆகவே உடம்பைக் கவனித்து ஒரு நோட்டில் எழுதுங்கள்: எது தூண்டியது, பதற்றம் 0 முதல் 100-க்குள் எவ்வளவு (ஜோசப் வோல்பே என்ற மனநல மருத்துவர் தந்த அளவு இது), மூச்சும் வயிறும் சீராக எத்தனை நிமிடம் ஆனது.

நான் அந்த நிமிடக் கணக்கைத்தான் முதலில் பார்ப்பேன். என்னிடம் வந்த ஒருவரின் நோட்டில் "தாழ்ப்பாள் சத்தம், 70, 40 நிமிடம்" என்றிருந்தது. நான்கு மாதம் கழித்து "தாழ்ப்பாள், 70, 10 நிமிடம்". "அதே எழுபதுதானே டாக்டர்" என்று அலுத்துக்கொண்டார். நிமிடத்தை அவர் பார்க்கவே இல்லை!

நோட்டு உங்களுடையது. காட்டுவதும் காட்டாததும் உங்கள் விருப்பம். கணவரிடம் இரண்டு உதவி கேளுங்கள்: இரவுநேர மதிப்பெண் வேண்டாம், கையைத் தூக்கும் முன் "மேல இருந்து எடுக்கறேன்" என்று ஒரு வார்த்தை. கூடவே, அதிர்ச்சிக்கான சிந்தனை-நடத்தை சிகிச்சையோ, கண்களை இடவலமாக அசைத்தபடி பழைய நினைவைக் கையாளும் இஎம்டிஆர் சிகிச்சையோ தெரிந்த மனநல நிபுணரைப் பாருங்கள். தம்பதியாகச் சேர்ந்து செய்யும் 15 அமர்வுச் சிகிச்சையும் இருக்கிறது.

ஒருநாள் பகலில், இருவரும் நிதானமாக இருக்கும்போது, "நான் சொன்ன எட்டு சில நாள் மூணுதான், ஆனா அது உங்களால இல்ல" என்று சொல்லிப் பாருங்கள். அவர் என்ன செய்தார் என்பதையும் நோட்டில் எழுதுங்கள். சொல்லவே பயமாக இருந்தால், ஆலோசனைக்கு முதலில் தனியாகப் போங்கள்.