சியோல் மேயரின் ஓடையும் பேருந்தும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

லீ மியுங்-பாக் சியோல் மேயராக இருந்தபோது நகர நடுவே ஒரு மேம்பாலத்தை இடித்து, அடியில் புதைந்து கிடந்த சொங்கேசொன் ஓடையை மீட்டார். அந்த ஓடைதான் அவரைத் தென்கொரிய அதிபராக்கியது என்கிறார்கள். ஒரு ஓடைக்கு அவ்வளவு வலிமை உண்டா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உண்டு. ஆனால் ஓடையை மட்டும் பார்த்தால் அவர் வேலை செய்த விதம் பிடிபடாது. தேதிகளைப் பாருங்கள். 2002 ஜூலை 1 பதவியேற்பு. 2003 ஜூலை 1 இடிப்பு தொடக்கம். 2004 ஜூலை 1 பேருந்துச் சீர்திருத்தம். 2005 அக்டோபர் 1 ஓடைத் திறப்பு. 2006 ஜூனில் பதவிக்காலம் முடிந்தது. 2007 டிசம்பரில் அதிபர் தேர்தலில் வென்றார். ஹூண்டாய் கட்டுமான நிறுவனத்தில் 1965-ல் சேர்ந்து, முப்பது வயதுகளின் நடுவிலேயே அதன் தலைமைக்கு வந்தவர் அவர். தேர்தல் சட்ட மீறல் வழக்கால் 1998-ல் நாடாளுமன்றப் பதவியை விட்டவருக்கு, மேயர் நாற்காலி இரண்டாம் வாய்ப்பு. அதைக் கட்டுமானக்காரரின் கெடுவோடு நடத்தினார்.

5.8 கிலோமீட்டர் ஓடையில் தண்ணீர் தானாக வருவதில்லை. நாளொன்றுக்குச் சுமார் 1,20,000 டன் நீரை மோட்டார் வைத்து ஏற்றுகிறார்கள். பெரும்பங்கு ஹான் ஆற்றிலிருந்து. மீதி சுரங்க ரயில் நிலையங்களில் ஊறும் நிலத்தடி நீர். பெருமழையில் இருகரைக் குழாய்களிலும் சாக்கடையும் மழைநீரும் கலந்து நிரம்பும். மதகு திறந்து அத்தனையும் ஓடைக்குள் பாயும். நடைபாதையை மூடிவிடுவார்கள், மீன்கள் செத்து மிதக்கும். இதை மீட்பு என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. அங்கிருந்த தெருக் கடைக்காரர்களை தொங்டேமுன் விளையாட்டரங்குக்கு மாற்றினார்கள். சில ஆண்டுகளில் அந்த அரங்கையும் இடித்ததால் அவர்கள் மறுபடி மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. அது எனக்கு ஆறவே இல்லை.

அவருடைய உண்மையான சாதனை பேருந்துதான். ஒரு பெரிய சாலையை எடுத்துவிட்டால் அதில் போனவர்கள் எதில் போவார்கள்? அதுவரை தனியார் நிறுவனங்கள் லாபத் தடங்களுக்கு அடித்துக்கொண்டன. ஆள் பிடிக்க ஓட்டுநர்கள் பந்தயம் விட்டார்கள். 2004-ல் தடங்களை நகராட்சி தன் கைக்கு எடுத்தது. வசூல் முழுக்க ஒரே பொதுக்கணக்கு, நிறுவனத்துக்கு ஓடிய கிலோமீட்டருக்குக் கூலி. பந்தயத்துக்குக் காரணமே போயிற்று. பேருந்தின் நிறமே அதன் வகையைச் சொல்லும்: நீலம் நெடுந்தடம், பச்சை உள்ளூர், சிவப்பு புறநகர், மஞ்சள் நகர்மையச் சுற்று. எண்ணிலேயே வழி இருக்கும்: 272 என்றால் 2-ம் மண்டலத்தில் கிளம்பி 7-ம் மண்டலம் போவது, கடைசி 2 வரிசை எண். ஏறும்போதும் இறங்கும்போதும் கட்டண அட்டையைக் கருவியில் தொட வேண்டும். 2004-ல் 10 கிலோமீட்டர் வரை 800 வோன் (தென்கொரிய நாணயம்), பிறகு ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் 100 என்று இருந்தது. வண்டி மாறினால் புதிதாகக் கட்டணம் இல்லை.

முதல் நாளே அட்டைக் கருவிகள் படுத்துவிட்டன. கங்னம் சாலையின் நடுவே பேருந்துக்கென ஒதுக்கிய பாதையில் பேருந்துகள் ரயில் பெட்டிகள் போல வரிசையாக நின்றன. தாங்கும் அளவை மீறித் தடங்களை அங்கே திணித்ததே காரணம். மேயர் மன்னிப்புக் கேட்டார், பிறகு சரிசெய்தார்கள். வசூலுக்கும் கூலிக்கும் இடையிலான பற்றாக்குறையை நகராட்சி இன்றும் சுமக்கிறது, ஆனாலும் முறை நிலைத்துவிட்டது.

அதிபரானதும் அதே வேகத்தை நான்கு பெரிய ஆறுகள் மேல் காட்டினார்: 16 தடுப்பணைகள், சுமார் 22 லட்சம் கோடி வோன். பேருந்துத் தடத்தை ஒரு வாரத்தில் மாற்றலாம், அணையை முடியாது. தேங்கிய நீரில் கோடைதோறும் பச்சைப்பாசி படர்ந்தது. லஞ்ச, கையாடல் வழக்கில் 2018-ல் அவர் கைதாவதற்கு முந்தைய ஆண்டே, மூன் ஜே-இன் அரசு ஆறு அணைகளின் மதகுகளைத் திறந்துவிட்டிருந்தது.