காது கேட்காதவருக்குப் பிரேசில் எப்படிக் கேட்கிறது?

மதிப்பிற்குரிய ஐயா,

சொந்த ரேடியோ வைத்து உலகம் முழுக்க மற்றவர்களோடு பேசும் பொழுதுபோக்கான ஹாம் ரேடியோ பற்றி நீங்கள் எழுதுவதையெல்லாம் என் கணவர் விடாமல் படிப்பார். பிடித்த இடங்களை எனக்கும் வாசித்துக் காட்டுவார். அதனால்தான் உங்களிடமே கேட்கலாம் என்று எழுதுகிறேன்.

அவருக்கு 69, எனக்கு 64. தஞ்சாவூர்ப் பக்கம் இருக்கிறோம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினார். இப்போது மாடி அறை முழுக்கப் பெட்டிகளும் ஒயர்களும்தான். மூன்று மூக்குக்கண்ணாடி வைத்திருக்கிறார். சில சமயம் இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு சால்டரிங் செய்கிறார்.

என் சந்தேகம் இதுதான். சமையலறையிலிருந்து நான்கு முறை கூப்பிட்டாலும் அவருக்குக் கேட்பதில்லை. ‘கத்தியை எங்கே வெச்சீங்க’ என்று கேட்டால் ஊதுபத்தியைக் கொண்டுவந்து நீட்டுகிறார். அதே மனிதர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அந்த இரைச்சலுக்குள் ஈ முனகுகிற மாதிரி வரும் ‘டிட் டா’வைக் கேட்டுவிட்டு, ‘பிரேசில் வந்துட்டான்!’ என்று துள்ளுகிறார். பிரேசில்காரன் கூப்பிட்டால் கேட்கிற காதுக்குக் கீழ் வீட்டில் நான் கூப்பிட்டால் கேட்காதா? நடிக்கிறாரா?

போன மாதம் மாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று கம்பி கட்டினார். பார்த்த எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. இந்த வயதில் இதெல்லாம் எதற்கு, மூட்டை கட்டிப் பரணில் போடுங்கள் என்கிறான் மகன். இன்னொன்று. ரேடியோவில் பேசும்போது என்னை ‘எக்ஸ்.ஒய்.எல்.’ என்கிறார். அர்த்தம் கேட்டால் சிரிக்கிறார்.

(பெயர் வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் தீர்ப்பு: அவர் நடிக்கவில்லை. உங்கள் குரல் கேட்காததும் பிரேசில் கேட்பதும் இரண்டுமே உண்மை. எனக்கும் இந்த ஆண்டு 73 முடிகிறது. உங்கள் வீட்டில் நடப்பது ஏழெட்டு ஆண்டுகளாக எங்கள் வீட்டிலும் நடக்கிறது.

உள்காதில் நத்தை ஓடு மாதிரிச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் வரிசையாக மயிர் போன்ற நுண்ணிய செல்கள். வாசலை ஒட்டி இருப்பவை கீச்சென்ற ஒலிகளைப் பிடிக்கும். உள்ளே, கடைசிச் சுருளில் இருப்பவை கனத்த ஒலிகளைப் பிடிக்கும். வயதாகும்போது முதலில் தேய்வது வாசலோரம்தான். தேய்ந்தது திரும்ப முளைப்பதில்லை. சிறு வயதில் 20,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை அதிர்வுகள்) வரை கேட்ட காது, இப்படி மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வரும்.

இப்போது ‘கத்தி’யை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ‘அத்தி’ என்கிற பகுதி கனமான ஒலி, தாராளமாகக் கேட்கும். முன்னால் இருக்கும் ‘க்’ ஒரு கண நேர வெடிப்பு, அவ்வளவுதான். அது கத்தியா, பத்தியா, சத்தியா என்று சொல்வது அந்தச் சின்ன வெடிப்பு. மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் இந்த ஒலிகள் பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்கு மேலும், மிக மெலிதாக இருக்கின்றன. அவர் காதுக்கு வந்தது ‘அத்தி’ மட்டும். முன்னால் ஓர் எழுத்தை மூளை தானாகப் போட்டு நிரப்பியிருக்கிறது. நான் தொலைபேசி நிலையத்தில் 35 ஆண்டுகள் வேலை பார்த்தவன். பழைய தொலைபேசிக் கம்பியில் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் போகும். ‘எஸ்’ஸையும் ‘எஃப்’பையும் ஊரே குழப்பிக்கொண்டது அதனால்தான். வயதான காதும் கிட்டத்தட்ட அப்படி ஒரு கம்பிதான்.

ஒவ்வோர் எழுத்தையும் குட்டையான, நீளமான ஒலிகளால் அனுப்பும் மோர்ஸ் அப்படியில்லை. அவர் கேட்கும் ‘டிட் டா’ 600, 700 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் ஒரே ஒரு சுரம். வேண்டுமானால் இன்னும் கீழே இறக்கி வைத்துக்கொள்ளலாம். காதில் கடைசி வரை நல்லபடியாக இருக்கும் இடம் அது. அதோடு, அங்கே என்ன எழுத்து என்று காது பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. சத்தம் இருக்கிறதா இல்லையா, நீளமா குட்டையா, இவ்வளவு தெரிந்தால் போதும். அதற்கு மேல் ரிசீவரில் ஒரு ஃபில்டரும் இருக்கிறது. 500 ஹெர்ட்ஸ் அகலத்துக்கு ஒரு சின்ன ஜன்னலைத் திறந்துவைத்து, மற்ற எல்லா இரைச்சலையும் வெளியே நிறுத்திவிடும். உங்கள் சமையலறையில் அப்படி ஒரு ஃபில்டர் கிடையாது. மிக்சி, குக்கர் விசில், சிம்னி, திறந்துவிட்ட குழாய், பக்கத்து அறையில் சீரியல், எல்லாம் சேர்ந்த கூட்டத்துக்குள்தான் உங்கள் ‘க்’ அவரைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. பிரேசில்காரருக்கு அந்தத் தொல்லை இல்லை.

இதை எனக்குப் புரியவைத்ததே என் மனைவிதான். காது பிரச்சினை என்று தெரியாத காலத்தில் இருவரும் நிறையச் சண்டை போட்டிருக்கிறோம். ‘வேணும்னே கேக்காத மாதிரி இருக்கீங்க’ என்பார். ‘நீ வாய்க்குள்ளேயே பேசுறே’ என்பேன். இரண்டுமே பொய் என்று தெரிவதற்குள் மூன்று வருடம் போய்விட்டது. அப்புறம் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். மோர்ஸில் ஒரே ஒரு எழுத்தை மட்டும் கற்றுக்கொண்டார்: ‘கே’. டா டிட் டா. ‘நான் முடித்துவிட்டேன், இனி நீ அனுப்பு’ என்று எதிராளியை அழைக்கும் எழுத்து அது. சாப்பாடு தயாரானதும் என் அறை விளக்கின் ஸ்விட்சை நீளமாக, குட்டையாக, நீளமாக அணைத்துப் போடுவார். எங்கள் வீட்டில் ‘கே’ என்றால் சோறு ஆகிவிட்டது என்று அர்த்தம். பேரன் பேத்திகள் வந்தால் இந்த வேலைக்குத்தான் போட்டி. ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை சோறு ஆகும்.

நீங்களும் செய்து பாருங்கள். அத்துடன் ஹாம்கள் பேசும் முறையையே வீட்டுக்கும் கொண்டுவரலாம். நாங்கள் எடுத்தவுடன் விஷயத்தைச் சொல்வதில்லை. முதலில் அழைப்புக் குறி, அதாவது லைசென்ஸோடு ஒவ்வொருவருக்கும் கிடைக்கும், எழுத்தும் எண்ணும் சேர்ந்த பெயர். பதில் வந்ததும்தான் செய்தி. அதே போல அவரை முதலில் கூப்பிடுங்கள். அவர் திரும்பிப் பார்க்கட்டும். உங்கள் முகத்தில் வெளிச்சம் விழட்டும். அதற்குப் பிறகு கத்தியைக் கேளுங்கள். கேட்கவில்லை என்றால் அதே சொல்லை உரக்கச் சொல்லிப் பலனில்லை. கத்தினால் ‘அத்தி’தான் பெரிதாகும், ‘க்’ பெரிதாகாது. ‘காய் நறுக்குற கத்தி’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் குழப்பம் போய்விடும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், அவரை ஒரு காது மருத்துவரிடம் கூட்டிப்போய்க் கேட்கும் திறனைச் சோதித்துவிடுங்கள். எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று வரைபடமே கொடுத்துவிடுவார்கள். ஹாம் ஆசாமிக்கு வரைபடத்தைக் காட்டினால் உடனே ஒப்புக்கொள்வார், பாருங்கள். தேவை என்றால் காதுக்கருவி போடட்டும், தள்ளிப்போட வேண்டாம். நான் போட்டுக்கொண்டு மூன்று ஆண்டு ஆகிறது. முதல் நாள் வீட்டுக்கு வந்து நாளிதழைப் பிரித்தேன், அப்பளம் நொறுங்குகிற மாதிரி இருந்தது. சாயங்காலம் என் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். கண்ணாடி வளையல் சத்தம். அவர் எப்போதும் போடுகிற வளையல்தான். அது என் காதிலிருந்து எந்த வருஷம் போனது என்று எனக்குத் தெரியவேயில்லை. அன்றைக்கு அந்தக் காபியை உடனே குடிக்க முடியவில்லை.

மூன்று கண்ணாடி விஷயத்தில் அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. நான் ஆரம்பித்த நாளில் ரேடியோவுக்குள் இருக்கும் கண்ணாடிக் குழலான ஒரு வால்வு கைப்பிடிக்குள் அடங்கும் அளவு இருந்தது. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பாகமான ரெசிஸ்டரில், இப்போது வரும் சர்ஃபேஸ் மவுன்ட் (பலகையின் மேலேயே ஒட்டும்) வகையில் 0603 என்று ஒரு ரகம், நீளம் 1.6 மில்லிமீட்டர், அகலம் 0.8. நொய்யரிசி அளவுகூட இராது. எங்கள் கண் மங்க மங்கப் பாகங்கள் சிறுத்துக்கொண்டே போகின்றன. பழைய ரகத்திலும் அளவைச் சொல்லும் நிறக்கோடுகளை நம்ப முடிவதில்லை. வயதானால் கண்ணின் லென்ஸ் மஞ்சள் பூத்துவிடும், மங்கிய வெளிச்சத்தில் பழுப்பு எது சிவப்பு எது என்று தெரியாது. மல்டிமீட்டரில் அளந்து பார்த்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். மேசைக்கு நல்ல விளக்கு ஒன்றும் வாங்கிக் கொடுங்கள்.

கைப்பிடிச் சுவர் விஷயத்தில் நான் முழுக்க உங்கள் பக்கம். அதை அவர் இனிமேல் செய்யவே கூடாது. 7 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனா சுமார் 20 மீட்டர் கம்பி. காற்றடித்தால் தளரும், காக்கை உட்காரும், வருஷத்துக்கு நாலு தடவையாவது இறக்கி ஏற்ற வேண்டியிருக்கும். அதற்கெல்லாம் மேலே ஏற வேண்டியதில்லை. கம்பத்தின் உச்சியில் ஒரு கிணற்றுக் கப்பியைக் கட்டி, நைலான் கயிறு போட்டுக் கீழே இறக்கிவிட்டால் போதும். தரையில் நின்றபடியே தண்ணீர் சேந்துகிற மாதிரி ஆன்டெனாவை ஏற்றலாம், இறக்கலாம். அந்தக் கப்பியைக் கட்டும் ஒரு நாள் மட்டும் ஓர் எலெக்ட்ரீஷியன் பையனைக் கூப்பிடுங்கள்.

சரி, எக்ஸ்.ஒய்.எல். எங்கள் பேச்சில் ஆண்கள் எல்லோரும் ‘ஓ.எம்.’, அதாவது கிழவர். நேற்று லைசென்ஸ் வாங்கிய 18 வயதுப் பையனும் ஓ.எம்.தான். எனக்கு லைசென்ஸ் வந்தது 1978இல். 25 வயதில் ஒருவர் என்னை அப்படிக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு நிஜமாகவே கிழவனாகி நிற்கும்போது எனக்கு எதுவும் புதிதாக இல்லை. ஒலிபரப்பும் பெண்கள் எல்லோரும் ‘ஒய்.எல்.’, இளம்பெண். 80 வயதிலும் ஒய்.எல்.தான். மனைவியைத்தான் ‘எக்ஸ்.ஒய்.எல்.’ என்பார்கள், முன்னாள் இளம்பெண். அந்தச் சொல் எனக்குப் பிடிக்காது, ஒரு நாளும் சொன்னதில்லை. அவரிடம் நான் சொன்னேன் என்று சொல்லி நிறுத்தச் சொல்லுங்கள். அதைவிட நல்ல வழி ஒன்றும் உண்டு. நீங்களே பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிவிடுங்கள். வாங்கிய நாள் முதல் ஆயுசுக்கும் ஒய்.எல். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது, அந்தமானிலிருந்து ஒலிபரப்புவதற்காகப் போயிருந்த பாரதி பிரசாத் போர்ட் பிளேரில்தான் இருந்தார். தொலைபேசிகள் செயலிழந்த அந்த நாட்களில் தீவுகளிலிருந்து வெளியே செய்தி கொண்டுபோனது அவருடைய குழுவின் வானொலி. நாங்கள் எல்லோரும் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் ஒய்.எல். அவர்.

உங்கள் மகனுக்கு ஒரு வார்த்தை. நாங்கள் பேசும் சிற்றலை தூரம் போவது சூரியனைப் பொறுத்தது. சூரியனில் புள்ளிகள் கூடிக் குறைய ஏறத்தாழ 11 ஆண்டு. கூடும்போது ரேடியோ அமர்க்களப்படும், குறையும்போது தூங்கும். எங்கள் வயதை நாங்கள் இதில்தான் எண்ணுகிறோம். 1979, 1989, 2000, 2014, 2024 என்று ஐந்து உச்சங்களை நான் பார்த்திருக்கிறேன். அடுத்தது 2030களின் நடுவில் வரும், எனக்கு எண்பதைத் தாண்டியிருக்கும். அதற்கு என்ன ஆன்டெனா கட்டுவது என்று இப்போதே ஒரு நோட்டில் வரைந்து வைத்திருக்கிறேன். இப்படி ஒரு நோட்டு உங்கள் கணவரிடமும் கட்டாயம் இருக்கும். பரணில் போடச் சொல்லும் முன் அந்த நோட்டை ஒரு தடவை வாங்கிப் பார்க்கட்டும் தம்பி.

மோர்ஸ் அனுப்பும் ஒவ்வொருவர் கைக்கும் ஒரு நடை உண்டு. அழைப்புக் குறி சொல்லும் முன்பே ஆளைத் தெரிந்துவிடும். கொழும்பில் எனக்கு ஒரு நண்பர். 30 வருஷப் பழக்கம், நேரில் பார்த்ததில்லை. என்னைவிட எட்டு வயது மூத்தவர். நிமிஷத்துக்கு 22 சொல் அனுப்பியவர், பிறகு 18, அப்புறம் 12 என்று இறங்கினார். ‘டா’க்கள் நீண்டுகொண்டே போயின. விரல் நடுங்குகிறது என்று எனக்குத் தெரிந்தது, நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எங்களிடம் ‘க்யூ.ஆர்.எஸ்.’ என்று ஒரு குறி இருக்கிறது. ‘மெதுவாக அனுப்பு’ என்று அர்த்தம். அதைக் கேட்க யாரும் வெட்கப்படுவதில்லை. கேட்டால் எவ்வளவு கெட்டிக்காரரும் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். மெதுவாக அனுப்புகிறவருக்கு அவர் வேகத்திலேயே பதில் சொல்வது பழைய மரியாதை. கடைசி இரண்டு வருஷம் நாங்கள் நிமிஷத்துக்கு எட்டு சொல்லில் பேசினோம். மழை, மருந்து, பேரன் கல்யாணம். ‘நலமா’ என்று கேட்டுப் பதில் வாங்கவே அவ்வளவு நேரம் ஆகும். அவர் போன பிறகு ‘சைலன்ட் கீ’ என்று பட்டியலில் எழுதினார்கள். எங்களில் ஒருவர் காலமானால் அப்படித்தான் எழுதுவோம். பல நாள் அதே அலைவரிசையில் ரேடியோவைப் போட்டுவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் இரவு என் மனைவி வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் விளக்கை அணைத்துப் போடவில்லை.

உங்கள் கணவரிடம் என் அழைப்புக் குறியைக் கேளுங்கள், அவருக்குத் தெரியும். ஞாயிறு காலை ஏழு மணிக்கு 7 மெகாஹெர்ட்ஸில் இருப்பேன். க்யூ.ஆர்.எஸ். கேட்கட்டும், எந்த வேகத்திலும் பேசலாம். நாங்கள் பேச்சை முடிக்கும்போது ‘73’ என்று அனுப்புவோம், நல்வாழ்த்துகள் என்று பொருள். இந்த வருஷம் அந்த எண் என் வயதுக்கும் சேர்ந்துகொண்டதால் எல்லோரும் இரண்டு தடவை அனுப்புகிறார்கள். ‘88’ என்றும் ஒன்று உண்டு, அன்பும் முத்தங்களும்.

அவருக்கு என் 73. அந்த 88ஐ ஸ்விட்சில் அனுப்புவது உங்கள் பொறுப்பு. கொஞ்சம் நீளம், எட்டு ஒன்றுக்கு டா டா டா டிட் டிட், அதை இரண்டு தடவை.